மாமாவோட கோல்டு விங்குக்கு டிரைலர் பாக்குறோம்

எங்க அக்கா வீட்டுக்காரர் கலிஃபோர்னியால ஹோண்டா கோல்டு விங் பைக் வச்சிருக்காரு, 1833 சிசி, 6 சிலிண்டர். வர்ற லீவுல அவரும் அக்காவும் டென்ட், அடுப்பு எல்லாம் எடுத்துக்கிட்டு யெல்லோஸ்டோன் நேஷனல் பார்க் வரைக்கும் போறாங்க, பைக் பெட்டி பத்தல, "டேய் பின்னாடி சின்னதா ஒரு டிரைலர் மாட்டலாம்னு இருக்கேன், எது நல்லதுன்னு பாத்து சொல்லு"ன்னாரு. என்கிட்ட ஏன் கேட்டாருன்னா நான் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஒரு கன்டெய்னர் டிரைலர் யார்டுல வேலை பாக்குறேன். 40 அடி பெட்டியும் இதுவும் ஒண்ணு இல்ல தான், ஆனா இழுக்குற வண்டி மேல எவ்ளோ வெயிட் உக்காருது, ஜாயின்ட் எப்படி திரும்புது, டயர் எவ்ளோ சூடாகுது, இந்த மூணும் எங்க போனாலும் கேட்டே ஆகணும்.

மாமா அனுப்புன போட்டோ எல்லாம் டிரைலரோட பெட்டிய பத்தி தான். பைக் கலருக்கு மேட்ச்சா பெயின்ட், எத்தன லிட்டர் கொள்ளும், மேல ஐஸ் பாக்ஸ் வைக்க இடம். பெட்டிய கடைசியா பாப்போம் மாமான்னேன்.

மொதல்ல ஒண்ணு நேரா சொல்லிட்டேன், டிரைலர் இழுக்காதீங்கன்னு ஹோண்டாவே மேனுவல்ல போட்டிருக்கான். அமெரிக்கால நெறய பேரு இழுக்குறாங்க, பைக்குல டிரைலர் மாட்டுற கொக்கி, அதாவது ஹிட்ச், அத செய்யறதுக்குன்னே தனி கம்பெனிங்க இருக்கு, ஆனா பொறுப்பு நம்மளது தான்னு தெரிஞ்சு இறங்கணும். அக்கா பின்னாடி உக்காந்து வருது, அதனால எனக்கு இதுல வெளையாட்டே கிடையாது.

வெயிட்டுக்கு வருவோம். சாமானோட சேத்து மொத்த டிரைலரும் பைக் வெயிட்டுல பாதிய தாண்டக்கூடாதுன்னு அங்க ஓட்டுறவங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க. மாமாவோடது கோல்டு விங் டூர் மாடல், 380 கிலோ பக்கம், அப்போ 190 தான் எல்லை, நான் 150லயே நிறுத்திக்க சொன்னேன். காலி டிரைலரே 100 கிலோ வந்துச்சுன்னா அப்புறம் சாமானுக்கு என்ன மிச்சம், அதனால அலுமினியம் ஃப்ரேமா பாக்க சொல்லிருக்கேன். இன்னொன்னு, மொத்த வெயிட்டுல 10லேருந்து 15 பர்சென்ட் மூக்குல, அதாவது ஹிட்ச் மேல உக்காரணும். 150 கிலோவுக்கு 15லேருந்து 22 கிலோ. இது கம்மியாச்சுன்னா, கனமான சாமான பின்பக்கம் ஏத்திட்டோம்னு வைங்க, ஸ்பீடு எடுத்ததும் வால ஆட்ட ஆரம்பிச்சுரும், பைக்கையும் சேத்து ஆட்டும். ஜாஸ்தியாச்சுன்னா பைக்கோட பின் வீல அமுக்கி முன் வீல் லேசாயிடும், ஹேண்டில் பிடி இருக்காது. அந்த மூக்கு வெயிட் பைக் தாங்குற லோடு கணக்குல வரும், அக்கா, பெட்டி, எல்லாத்தோடயும் கூட்டணும், இத பல பேரு விட்டுடுறாங்க. வீட்டு தராசுல மூக்க வச்சு பாத்தாலே தெரிஞ்சிரும். அடுப்பு, தண்ணி கேன் எல்லாம் அடியில, ஆக்சிலுக்கு ஒட்டி கொஞ்சம் முன்னால.

அடுத்து ஜாயின்ட். பைக் வளைவுல சாயும், ரெண்டு வீல் டிரைலர் சாயாது, அதனால ஹிட்ச்ல மாட்டுற டிரைலரோட மூக்கு, அதாவது கப்ளர், சுத்துற மாதிரி ஸ்விவல் டைப்பா இருக்கணும். பைக் ஒரு பக்கம் விழுந்தா கூட டிரைலர் நிமிந்தே நிக்கும். ஒத்த வீல் டிரைலரும் இருக்கு, அது பைக்கோடவே சாயும், சந்துல போக நல்லாருக்கும், ஆனா லோடு கம்மி, அவங்க சாமானுக்கு ரெண்டு வீல் தான் சரி. ஹிட்ச் ஃப்ரேம்ல போல்ட் ஆகணும், கேரியர் கம்பில மாட்டுற எதையும் தொடாதீங்கன்னேன். சேஃப்டி செயின் ரெண்டு, மூக்குக்கு அடியில குறுக்கால போட்டு.

டயர்ல தான் எங்களுக்குள்ள பெரிய வாக்குவாதம். அவருக்கு புடிச்ச மாடல்ல 8 இஞ்ச் வீல். கலிஃபோர்னியால எதையாச்சும் இழுத்துட்டு போனா லிமிட் 55 மைல், அதாவது மணிக்கு 88 கிலோமீட்டர். அந்த ஸ்பீடுல 8 இஞ்ச் வீல் நிமிஷத்துக்கு சுமாரா 1100 தடவ சுத்தும், 12 இஞ்ச் 900 பக்கம் தான். சுத்து கூடக்கூட பேரிங்கும் டயரும் சூடாகும், போற வழில நெவாடா வெயில்ல நாள் பூரா ஓடணும். குழில எறங்குனாலும் சின்ன வீல் உள்ள போய் இடிக்கும், பெருசு தாண்டிரும். 12 இஞ்ச் தான் மாமா, அழகு அப்புறம்னு சொல்லி ஒத்துக்க வச்சேன்.

லைட் வயர பைக் வயர்லயே நேரா இழுக்கக்கூடாது, நடுவுல ரிலே வச்ச ஐசோலேட்டர் போடணும், டிரைலர் லைட்டோட லோடு பைக் வயர் மேல விழாம பிரிச்சு வைக்கிற பெட்டி அது. இந்த டிரைலருங்கள்ல முக்காவாசிக்கு தனி பிரேக் கிடையாது, அதனால முன் வண்டிக்கு விடுற இடைவெளிய டபுளாக்குங்கன்னேன்.

திருவொற்றியூர் பசங்க இத கேட்டுட்டு அவங்க ஹிமாலயன் பைக்குக்கு ஒண்ணு வெல்டிங் பண்ணலாமான்னு நிக்கிறாங்க. நம்ம ஊர்ல மோட்டார் வாகன சட்டம் 1988 படி டிரைலரும் தனி வண்டி, அதுக்கும் ரிஜிஸ்ட்ரேஷன் வேணும், பட்டறைல அடிச்சு மாட்டுனதுக்கு அது கிடைக்காது, ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சுருவான். வேணாம் தம்பி.

மாமா இப்ப செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு பாத்து வச்சிருக்காரு, சனிக்கிழம போய் பாக்குறாரு. வீல தூக்கி கையால சுத்தி சத்தம் கேளுங்க, டயர் சைடுல இருக்குற 4 நம்பர்ல எந்த வருஷம் செஞ்சதுன்னு பாருங்க, டயர் பட்டன், அதாவது மேல் தேய்மானம், நல்லா இருந்தாலும் பழசுன்னா புது டயர் காச வெலையில கழிச்சு பேசுங்கன்னு சொல்லிருக்கேன்.