வரைபடத்தில் வெள்ளையாக நின்ற மண்டலங்கள்

சென்னை மாநகராட்சிப் பள்ளிக் கட்டடங்களுக்கான பணம் எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்று ஒரு வரைபடம் போட்டுப் பார்க்கலாம், சனி ஞாயிறில் முடிந்துவிடும் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டரை மாதம் ஆனது.

பட்ஜெட் புத்தகம், டெண்டர் அறிவிப்பு, கைக்குக் கிடைத்த பட்டியல் என்று எல்லாவற்றையும் இறக்கினேன். பாதி ஸ்கேன் செய்த பிடிஎஃப், மீதி பழைய எழுத்துரு, எக்செலில் ஒட்டினால் வெறும் குப்பையாக விழும், ஆகவே கையால்தான் தட்டினேன். ஓரிடத்தில் லட்சத்தில் இருந்த தொகை, இன்னோரிடத்தில் ரூபாயில். அதைக் கவனிக்காமல் விட்டதில் ஒரு கழிப்பறைப் பராமரிப்பு முழுப் பள்ளிக்கூடத்தையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. ஒரே டெண்டரில் நாலு பள்ளி சேர்ந்து வந்தால் அந்தத் தொகையைச் சமமாகப் பிரிக்க மனசு வரவில்லை, சுண்ணாம்பு அடித்த பள்ளியும் மாடி கட்டிய பள்ளியும் ஒன்றாகிவிடுமே, அதனால் அவற்றை உள்ளே நிறமில்லாத வட்டமாக விட்டேன்.

சரி, வரைபடம் போடும் மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில் மண்டல வாரியாக நிறம் ஏற்றினேன். ராயபுரம், தேனாம்பேட்டை எல்லாம் அடர்த்தி. திருவொற்றியூர், மணலி, அம்பத்தூர், சோழிங்கநல்லூர் பக்கம் கிட்டத்தட்ட வெள்ளை. புறநகரை எப்படி வஞ்சித்திருக்கிறார்கள் பாருங்கள் என்று தலைப்புகூட யோசித்துவிட்டேன்.

எங்கள் பெரியம்மா அம்பத்தூர் பக்கம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். படத்தைப் பார்த்ததும், "நான் வேலை பார்த்தது கார்ப்பரேஷன் ஸ்கூலே இல்லடா, எங்களுக்கு எல்லாம் கல்வித் துறைதான்" என்றார்.

அங்கேதான் கோட்டை விட்டிருந்தேன். 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது, வார்டுகள் 155இலிருந்து 200 ஆயின. புதிதாகச் சேர்ந்த புறநகர்ப் பகுதிகளில் ரோடும் குப்பையும் கைமாறின, பெரும்பாலான பள்ளிகள் மாறவில்லை. அந்தப் பகுதிகளின் 139 பள்ளிகளை மாநகராட்சியிடம் ஒப்படைக்கும் முடிவு 2022இல்தான் வந்தது. என் கையிலிருந்த பழைய பட்டியலில் அவற்றின் யுடைஸ் எண்களே (ஒவ்வொரு பள்ளிக்கும் தரப்படும் அடையாள எண்) சென்னையின் 3302இல் தொடங்காமல், திருவள்ளூரின் 3301, காஞ்சிபுரத்தின் 3303 என்று இருந்தன. சென்னை என்று வடிகட்டியபோது அதெல்லாம் சத்தமில்லாமல் கழன்றிருக்கிறது.

அப்புறம் வெள்ளையை இரண்டாகப் பிரித்தேன். மாநகராட்சிப் பள்ளி இருந்தும் பணம் போகாத இடம் வெள்ளை, அந்த வருடத்தில் பள்ளி வேறு துறையிடம் இருந்தால் சாம்பல் கோடு. 2022க்கு முன், பின் என்று இரண்டு படம்.

இன்னொரு தலைவலி சிட்டிஸ் என்ற மத்திய அரசின் நகர மேம்பாட்டுத் திட்டம். பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் பணமும் சேர்ந்து 28 பள்ளிகளுக்கு 95.25 கோடி, சராசரி பள்ளிக்கு மூன்று கோடிக்கு மேல். அதே அளவுகோலில் சில லட்சம் வாங்கிய பள்ளி புள்ளியாகக்கூடத் தெரியாது. அதைத் தனி அடுக்காக எடுத்த பிறகுதான் மற்ற பள்ளிகள் கண்ணுக்கே வந்தன. மாணவர் எண்ணிக்கையால் வகுத்தும் பார்த்தேன், ஆனால் பிள்ளைகள் குறைந்துபோன பழைய நகரப் பள்ளிகள் திடீரென்று கோடீஸ்வரர் ஆகிவிட்டன, அதனால் அந்தப் படத்தை வெளியே காட்டவில்லை.

பெரியம்மாவிடம் புதுப் படத்தைக் காட்டினேன். தன் பள்ளியைத் தேடிப் பிடித்து, சாம்பல் கோட்டின் மேல் விரலை வைத்து, "அப்போ எங்களுக்கு வந்த காசு எங்கே?" என்றார். கல்வித் துறைக் கணக்கு வேறு புத்தகம், இப்போது அதைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.