ஒரு முறை சொன்னால் எழுத வரவேண்டும்

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் மூன்று பேர் சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருக்கிறோம். ஒருவர் கோடு எழுதுகிறார், ஒருவர் படம் வரைகிறார். விதிகளும் திரையில் வரும் எழுத்துகளும் என் பொறுப்பு. அதனால் பெயர் வைக்கிற வேலையும் என்னிடமே வந்தது. இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஏழு மாதம் ஆனது.

ஆட்டம் ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறப்பதில் தொடங்கி ஜனவரி 28-இல் மூடுவதோடு முடியும். நடுவில் உள்ள 230 நாளும் நீங்கள் ஒரு தலைப்பில், அதாவது ஆறு பிரிகிற இடத்து ஷட்டர்களில் நின்று, வருகிற தண்ணீரை மூன்று ஆறுகளுக்குப் பங்கிட வேண்டும். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு இருக்கிறது. வெண்ணாறு அங்கேதான் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. அதைப் பார்த்துத்தான் எங்கள் வரைபடத்தைப் போட்டோம். மேலே இருப்பவர்களுக்குத் தாராளமாக விட்டால், தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடை காயும். கடைமடைக்கென்று திறந்து வைத்திருக்கும் நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சம்பா மூழ்கும். ஆட்டம் அவ்வளவுதான், ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் அதை விளையாடும்போது ஒரு பேச்சும் பேசாமல் விளையாடுவார்கள்.

முதலில் வைத்த பெயர் காவேரி. கே-யில் தொடங்கும் ஆங்கில எழுத்தில். சென்னையில் ஒரு கல்லூரியில் டெமோவைக் காட்டினோம். ஒரு மாணவி அரைமணி நேரம் எழுந்திருக்காமல் விளையாடினார், வீட்டிலும் விளையாட வேண்டும் என்று செல்போனை எடுத்துத் தேடினார். அவர் அடித்தது சி-யில் தொடங்கும் காவேரி. செய்தித்தாளிலும் காவிரி நடுவர் மன்றத்தின் ஆங்கிலப் பெயரிலும் அப்படித்தானே இருக்கிறது, அவர் மேல் தப்பில்லை. வந்ததெல்லாம் வழக்குச் செய்தியும் அணையின் நீர்மட்டமும்தான். எங்கள் ஆட்டம் வரவில்லை. "அப்புறம் பார்க்கிறேண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அன்று ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போதே ஒரு விதி வைத்துக்கொண்டோம். பெயரை போனில் ஒரே ஒரு முறை சொல்வோம். எதிர்முனையில் இருப்பவர் கேட்டதைக் கேட்டபடி அடித்து அனுப்ப வேண்டும். மயிலாடுதுறையில் இருக்கிற என் அக்கா, சிங்கப்பூரில் ஒரு நண்பர், டெமோ விளையாடிவிட்டுப் பழக்கமான கனடாக்காரர் ஒருவர். மூன்று பேரில் ஒருவர் தடுமாறினாலும் அந்தப் பெயர் வேண்டாம்.

ஏன் ஆங்கிலப் பெயர் தேடுகிறீர்கள் என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2023-இல் வந்த 'வெண்பா' என்ற வீடியோ கேம் தமிழ்ச் சொல்லைத்தான் தலைப்பாக வைத்தது, உலகம் முழுக்க விளையாடினார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து, பார்த்தால் வாசித்துவிடலாம், கேட்டால் எழுதிவிடலாம். எங்கள் சொற்களுக்கு அது வாய்க்கவில்லை. மதகு என்று சொன்னால் நடுவில் டி-யா, டி-எச்-சா, டி-எச் என்றால் எந்த டி என்று நாங்களே மூன்று விதமாக எழுதினோம். நெல் பருவமான குறுவையின் றகரத்தை எந்த எழுத்தில் காப்பாற்றுவது? இன்னொரு பருவமான தாளடிக்கும் இதே கதி. அவற்றை விட மனம் வரவில்லை. ஆட்டத்துக்குள் எல்லாச் சொல்லையும் அப்படியே வைத்திருக்கிறோம். கடையின் பெயர்ப்பலகையில் மட்டும் வைக்க முடியவில்லை.

அப்புறம் டெல்டா. இங்கே எல்லோர் வாயிலும் புழங்கும் சொல், ஆனால் தேடினால் விமான நிறுவனம் வருகிறது, துப்பாக்கி ஆட்டம் வருகிறது, கொரோனா வகை வருகிறது. அந்த வெள்ளத்தில் எங்கள் ஆட்டம் எந்தப் பக்கத்தில் போய் நிற்கும் என்று தெரியவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது அனிகட். கல்லணையை வெள்ளைக்காரர்கள் கிராண்ட் அனிகட் என்றார்கள். அணைக்கட்டு என்ற நம் சொல்தான் அப்படிப் போய் ஆங்கில அகராதியில் உட்கார்ந்திருக்கிறது. ஊர்ச்சொல்லும் ஆச்சு, ஆங்கிலமும் ஆச்சு என்று மூன்று வாரம் அதையே கொண்டாடிக்கொண்டிருந்தேன். கனடாக்காரர் 'எனி கட்' என்று இரண்டு சொல்லாக அடித்து அனுப்பினார். அந்தப் பெயரை விடுவது மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

படம் வரைபவர் மன்னார்குடிக்காரர். அவருடைய பெரியப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷட்டரை ஏற்றி இறக்குவது, கரையைப் பார்த்துக்கொள்வது, ராத்திரி தண்ணீர் ஏறினால் ஓடுவது என்று ஆட்டத்தில் நாம் செய்கிற அத்தனையையும் அவர் நிஜமாகவே செய்தவர். லஸ்கர் என்றே பெயர் வைக்கலாமா என்று பார்த்தோம். ஆனால் ஆங்கிலத்தில் அந்தச் சொல் கப்பலில் வேலை பார்த்த நம் நாட்டு மாலுமிகளைக் குறிக்கும். வாங்குகிறவர் கடலை எதிர்பார்த்து வருவார், நாம் வாய்க்காலைக் காட்டுவோம். நம்பி வருகிறவருக்கு அப்படிச் செய்யக் கூடாது.

பெயர் கடைசியில் அந்தப் பெரியப்பாவிடமிருந்துதான் வந்தது. மூணாறு தலைப்பில் ஒரு சாயங்காலம் அவரோடு உட்கார்ந்திருந்தோம். ஷட்டர்களைக் காட்டி, "அப்பல்லாம் இந்த ஆத்துக்கு டர்ன் முடிஞ்சதும் அடுத்த ஆத்துக்கு டர்ன், தம்பி. டர்ன் மாறுற அன்னைக்கு ராத்திரி தூக்கமே கிடையாது" என்றார். டர்ன். முறைவைத்து விடும் தண்ணீருக்கு அவர்கள் ஆபீஸ் சொல் அது. எங்கள் ஆட்டமும் முறைவைத்து ஆடுகிற ஆட்டம், அதையும் டர்ன் என்றுதான் சொல்கிறோம். ஷட்டரைத் திருகுவதும் டர்ன்தான். ஏழு மாதமாக நாங்கள் தேடியது, அவர் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த சொல்.

அன்றைக்கே 'டர்ன் ஆஃப் வாட்டர்' என்று எழுதி வைத்தேன். தண்ணீர் முறை என்பதற்கு ஆங்கிலப் பாசன எழுத்திலேயே உள்ள தொடர் அது. மறுநாள் போன் போட்டோம். அக்கா அனுப்பிய பதிலில் 'ஆஃப்'-இல் ஒரு எஃப் கூடுதலாக இருந்தது. அர்த்தம் தலைகீழ்: தண்ணீரை நிறுத்து! சிங்கப்பூர் நண்பரும் அதையேதான் அடித்தார். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் எழுத்துகூட ஒன்றுதான். தண்ணீர் திறப்பதைப் பற்றிய ஆட்டத்துக்கு அந்தப் பெயரை வைக்க முடியாது.

பிறகு அதையே திருப்பிப் போட்டதுதான் 'வாட்டர் பை டர்ன்ஸ்'. மூன்று பேரும் சரியாக அடித்தார்கள். கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் தேடினோம், அதே பெயரில் எதுவும் கண்ணில் படவில்லை. இந்திய வணிகக் குறிப் பதிவேட்டையும் பார்த்தோம். இணையத்தில் இலவசமாகவே தேடலாம், மென்பொருளுக்கு 9-ஆம் வகுப்பு. பெயர் வைக்கிற எல்லோரும் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். 'ஸ்க்ரோல்ஸ்' என்ற ஒற்றைச் சொல்லுக்காக மைன்கிராஃப்ட் செய்த மோஜாங் நிறுவனமே 2011-இல் வழக்கைச் சந்தித்தது. அவர்களுக்கு வக்கீல் வைக்க வசதி இருந்தது, மாடி அறையில் இருப்பவர்களுக்கு இருக்காது. அதற்கப்புறம்தான் ஆட்டத்தை அங்கே வைக்க ஸ்டீமுக்கு நூறு டாலர் கட்டினோம்.

முகப்பில் ஆங்கிலப் பெயருக்குக் கீழே 'முறைத் தண்ணீர்' என்று தமிழிலும் இருக்கிறது. டர்ன்ஸ் என்பதன் முதல் எழுத்தான டி-யை ஷட்டர் திருகும் கைப்பிடி மாதிரி வரைந்திருந்தோம். போன வாரம் பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தமிழ் வரியை வாய்விட்டு வாசித்தார். பிறகு அந்த டி-யை விரலால் தொட்டு, "கைப்பிடி இவ்வளவு குட்டையா இருந்தா ஷட்டர் அசையாது, தம்பி. ரெண்டு பேர் பிடிக்கிற மாதிரி நீளமா போடுங்க" என்றார். அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து நீளமாக்கினோம்.