பிஎஸ்சி முடிச்சிட்டு எம்பிஏ?

நம்ம டர்பன் பிள்ளைங்க நிறைய பேர் கேக்குறாங்க, பிஎஸ்சி முடிச்சிட்டு எம்பிஏ பண்ண முடியுமாக்கான்னு, தாராளமா முடியும்மா, ஆனா இங்க சௌத் ஆப்பிரிக்கால மூணு வருஷ டிகிரி என்கியூஎஃப்ல (படிப்புகள லெவல் லெவலா பிரிக்கிற தேசிய வரிசை) லெவல் 7, எம்பிஏ லெவல் 9, அதனால நடுவுல லெவல் 8ல ஒரு ஹானர்ஸோ போஸ்ட்கிராஜுவேட் டிப்ளமோவோ வேணும். நாலு வருஷ பார்மசி டிகிரின்னா அதுவே 8. டிப்ளமோவ வீண்னு மட்டும் நினைக்காதீங்க, காமர்ஸ் தொடாதவங்களுக்கு அங்கதான் அக்கவுண்டிங் பிடிபடும்.

நான் லேப்ல இருந்து வந்தவ, பேலன்ஸ் ஷீட்ல சொத்து ஒரு பக்கம், கடனும் முதலும் இன்னொரு பக்கம், ரெண்டும் சமமா வரணும்னதும் கெமிக்கல் ஈக்குவேஷன் மாதிரியே இருந்துச்சு, அவ்ளோ பிடிச்சுப்போச்சு! கேஷ் ஃப்ளோ, அதாவது கைக்கு காசு வர்றதும் போறதும்தான் புரிய நாளாச்சு, கடனுக்கு வித்ததும் லாபக் கணக்குல ஏறிடும், ஆனா சம்பளம் போட கையில காசிருக்காது. யாராச்சும் சேரப்போறீங்கன்னா இன்பாக்ஸ் வாங்க, என் நோட்ஸ் எல்லாம் தரேன்.