விஎம் டெம்ப்ளேட்டில் எதைக் கேட்பது, எதைப் பூட்டி வைப்பது

பழைய டெர்ராஃபார்ம் (கிளவுட் வளங்களைக் கோப்பில் எழுதி உருவாக்கும் கருவி) கோப்பை நகலெடுத்து, பெயரை மட்டும் மாற்றிப் புது விஎம் (மெய்நிகர் கணினி) எழுப்புவது கொஞ்ச காலத்துக்குத்தான் தாங்கும். பிறகு எல்லாருக்கும் பொதுவாக ஒரு மாட்யூல் (பலரும் மறுபடி பயன்படுத்தும் டெம்ப்ளேட்) எழுதியே ஆக வேண்டும். எழுத உட்கார்ந்ததும், கிளவுட் தரும் அத்தனை அமைப்புகளையும் மாறிகளாக்கி வெளியே விடத் தோன்றும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். நாற்பது மாறிகள் உள்ள மாட்யூலைப் பயன்படுத்துபவர் கிளவுட்டின் ஆவணத்தையும் படிக்க வேண்டும், உங்கள் ஆவணத்தையும் படிக்க வேண்டும்.

சேவையின் பெயர், சூழல், அளவு, டேட்டா டிஸ்கின் கொள்ளளவு, இமேஜ் (விஎம் எழுவதற்கான டிஸ்க் பிரதி) ஐடி, செலவு எந்தக் குழுவின் கணக்கில் சேரும் என்பது: பெரும்பாலும் இந்த ஆறே போதும். அளவைக்கூட 'டி3 மீடியம்' என்று அமேசானின் ஏடபிள்யூஎஸ் வைத்த பெயரில் வாங்காமல் சிறியது, நடுத்தரம், பெரியது என்று வாங்கி, உள்ளே ஒரு மேப் வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த தலைமுறை விஎம் வரும்போது ஒரு வரியைத் திருத்தினால் முடிந்தது. பெயருக்கு வேலிடேஷன் (சரிபார்ப்பு) கட்டாயம். விண்டோஸ் கணினிப் பெயர் 15 எழுத்தைத் தாண்டக் கூடாது, கூகுள் கிளவுட் லேபிளில் பெரிய எழுத்து செல்லாது. இப்படிப்பட்ட பிழைகள் அப்ளை (மாற்றங்களைச் செய்யும் கட்டளை) பாதியில் நிற்கும்போது தெரியக் கூடாது, பிளானிலேயே (என்ன மாறும் என்று முன்கூட்டிக் காட்டும் கட்டளை) தெரிய வேண்டும்.

டிஸ்க் என்க்ரிப்ஷன், டேக்குகள், ஏடபிள்யூஎஸ் என்றால் ஐஎம்டிஎஸ்வி2 (விஎம் தன்னைப் பற்றிய தகவலை டோக்கன் கொண்டு கேட்கும் முறை) கட்டாயம் என்பது, இவையெல்லாம் கேள்வியாகவே வரக் கூடாது, உள்ளே பூட்டிவிடுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: விஎம்முக்குள் கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் இருந்தால் ஹாப் லிமிட் (டோக்கன் எத்தனை நெட்வொர்க் தாவல் போகலாம் என்ற வரம்பு) 1 போதாது, கன்டெய்னருக்கு டோக்கன் போய்ச் சேராது. அங்கே 2 வையுங்கள்.

அடுத்த கேள்வி, எது இமேஜில் இருக்க வேண்டும், எது முதல் பூட்டில் நடக்க வேண்டும் என்பது. மெதுவாக மாறுவதெல்லாம் (ஓஎஸ் பேட்ச், மானிட்டரிங் ஏஜென்ட், ரன்டைம்) பேக்கர் (இமேஜ் உருவாக்கும் கருவி) கொண்டு இமேஜில் ஏறட்டும். விஎம்முக்கு விஎம் மாறுவது மட்டும் கிளவுட்-இனிட்டில் (முதல் பூட்டில் விஎம்மை அமைக்கும் நிரல்). பத்து பேக்கேஜ்களை முதல் பூட்டில் நிறுவ வைத்தால், ரெப்பாசிட்டரி சர்வர் படுத்திருக்கும் நேரத்தில் ஆட்டோஸ்கேலிங்கும் (சுமைக்கேற்ப விஎம்களைத் தானாகக் கூட்டுவது) சேர்ந்து படுக்கும். இமேஜ் எடுக்கும் முன் மெஷின்-ஐடியையும் எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளையும் அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லா விஎம்களும் ஒரே அடையாளத்தோடு எழும். சில நெட்வொர்க்குகளில் டிஎச்சிபி (ஐபி முகவரி வழங்கும் சேவை) ஒரே ஐபியை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடும்.

யூசர் டேட்டா (கிளவுட்-இனிட்டுக்கு நாம் தரும் அமைப்புகள்) விஷயத்தில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஏடபிள்யூஎஸ்ஸின் விஎம் சேவையான ஈசி2-வில் அதற்கு 16 கேபிதான் வரம்பு. முதல் வரியில் ஹேஷ் குறியோடு கிளவுட்-கான்ஃபிக் என்ற தலைப்பு இல்லாவிட்டால் உங்கள் யாமல் (அமைப்புகளை எழுதும் வடிவம்) கண்டுகொள்ளப்படாது. அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. ஏற்கெனவே ஓடும் விஎம்முக்கு யூசர் டேட்டாவை மாற்றி அப்ளை செய்தால், டெர்ராஃபார்ம் அதை நிறுத்தி மறுபடி கிளப்பும். ஆனால் கிளவுட்-இனிட்டின் பெரும்பாலான வேலைகள் ஒரு இன்ஸ்டன்ஸுக்கு ஒரு முறைதான் நடக்கும். ஆக, சேவை கீழே போனதுதான் மிச்சம். மாற்றம் எதுவும் ஏறியிருக்காது. விஎம்மை மாற்றியே தீர வேண்டும் என்றால், யூசர் டேட்டா மாறும்போது புதிதாக எழுப்பும் அமைப்பை மாட்யூலில் வெளிப்படையாக இயக்குங்கள்.

இமேஜ் ஐடிக்கு 'கடைசியாக வந்தது' என்று தேடும் டேட்டா சோர்ஸைப் போடாதீர்கள். புது இமேஜ் வெளியான மறுநாள், டேக் மாற்ற ஓட்டிய பிளான் எல்லா விஎம்களையும் அழித்து எழுப்பச் சொல்லும். மாட்யூலின் லைஃப்சைக்கிள் பகுதியில் இமேஜ் மாற்றத்தை இக்னோர் செய்வது ஒரு வழிதான். ஆனால் அங்கே மாறிகள் செல்லாது, எல்லாருக்கும் ஒரே நடத்தைதான் கிடைக்கும். ஐடியைக் கையால் குறித்து, புல் ரிக்வெஸ்ட்டில் உயர்த்துவது நல்லது.

பல விஎம்களை எழுப்பும் மாட்யூலில் கவுன்ட் (வரிசை எண்ணால் அடையாளம் காண்பது) வேண்டாம், ஃபார்-ஈச் (சாவியால் அடையாளம் காண்பது) போடுங்கள். வெப், ஏபிஐ, ஜாப் என்ற பட்டியலில் நடுவில் உள்ள ஏபிஐயை எடுத்தால், பூஜ்யத்தில் தொடங்கும் கவுன்ட் கணக்கில் ஜாப் இரண்டாம் எண்ணிலிருந்து ஒன்றுக்கு நகரும். பழைய ஏபிஐ விஎம் ஜாப் வேடம் போடும், உண்மையான ஜாப் அழியும். பெயரையே சாவியாக வைத்தால் இந்த விபத்து வராது. ஏற்கெனவே கவுன்ட்டில் இருந்தால் டெர்ராஃபார்ம் 1.1-இலிருந்து வந்த மூவ்டு பிளாக்கில் பழைய முகவரியையும் புதியதையும் எழுதி, எதையும் அழிக்காமல் மாறலாம்.

டேட்டா டிஸ்க் எப்போதும் தனி ரிசோர்ஸாக இருக்கட்டும். விஎம் போனாலும் அது நிற்க வேண்டும், அழிப்பதைத் தடுக்கும் அமைப்பும் அதில்தான் இருக்க வேண்டும். ஏடபிள்யூஎஸ்ஸின் நைட்ரோ வகை விஎம்களில் எஸ்டிஎஃப் என்று இணைத்த டிஸ்க் உள்ளே என்விஎம்இ பெயரில்தான் தெரியும், வரிசையும் உறுதியில்லை. எனவே மவுன்ட் யூயூஐடி (ஃபைல்சிஸ்டத்தின் தனி அடையாள எண்) அல்லது லேபிள் வழியாக, நோஃபெயில் (டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் தொடர விடும்) ஆப்ஷனுடன். அந்த ஆப்ஷன் இல்லாமல் டிஸ்க் இணைய மறுத்தால் விஎம் எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும், எஸ்எஸ்எச்சும் வராது. ஃபார்மேட் செய்யும் முன் ஃபைல்சிஸ்டம் ஏற்கெனவே இருக்கிறதா என்று பிளாக்-ஐடி கட்டளையால் பார்க்கச் சொல்லுங்கள். புது விஎம்மில் பழைய டிஸ்க்கை இணைக்கும் நாளில், தரவைக் காப்பது அந்த ஒரு சோதனைதான்.

மாட்யூலை மெயின் கிளையிலிருந்து நேரடியாக இழுக்க விடாமல் கிட் டேகில் பூட்டுங்கள். வெளியிடும் முன் சிஐயில் (தானாக ஓடும் சோதனை) பழைய டேகை அப்ளை செய்து, அதே ஸ்டேட்டின் (எது எழுந்துள்ளது என்று டெர்ராஃபார்ம் வைக்கும் பதிவு) மேல் புதிய டேகுக்கு பிளான் ஓட்டிப் பாருங்கள். 'மாற்றி எழுப்பப்படும்' என்று ஒரே ஒரு வரி வந்தாலும் அது மேஜர் வெர்ஷன் (பழையதோடு ஒத்துப்போகாத பதிப்பு). அழியப்போவது எது என்பதை வெளியீட்டுக் குறிப்பின் முதல் வரியில் எழுதுங்கள்.