கருப்பு வட்டம்

மாட்டுக்குப் பக்கத்தில் நின்று, அதன் சினைப்பையில் 'நீர்க்கட்டி' என்று சொல்வதற்கு முன்னால் இப்போதெல்லாம் ரொம்ப யோசிக்கிறேன். அந்தச் சொல் வீட்டுக்காரர் காதில் விழுந்தால் மறுநாளே வியாபாரி வாசலில் வந்து நிற்பார். உச்சிப்புளியிலிருந்து பெரியபட்டினம் வரைக்கும் மாட்டு டாக்டராக நான் போகிற ஊர்களில் ஒரு மாடு, இரண்டு மாடு வைத்திருப்பவர்கள்தான் அதிகம். சினை நிற்காத மாட்டுக்குத் தவிடும் வைக்கோலும் வாங்கிப் போட்டுக் கட்டுப்படியாகாது.

ஸ்கேன் கருவி கைக்கு வந்த முதல் வருடம் நடந்தது இது. ஒரு ஆத்தா வீட்டுக் கலப்பின மாடு. இரண்டு தடவை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. மூன்றாவது ஊசி போட்டு 24 நாள் ஆகியிருந்தது. மறுபடி பருவத்துக்கு வந்த அடையாளமாக மாடு கத்தவும் இல்லை, வழும்பு போடவும் இல்லை. என்னதான் ஆச்சு என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். கடலோர வெயிலில் திரையில் ஒன்றும் தெரியாது. ஆத்தா தன் பழைய சேலை ஒன்றைக் கொண்டுவந்து என் தலைக்கும் கருவிக்கும் சேர்த்துப் போர்த்திவிட்டார்.

சாணத்தை முழுதாக எடுத்துவிட்டுத்தான், ஒலியை அனுப்பி வாங்குகிற புரோபை ஆசனவாய் வழியாக உள்ளே கொண்டுபோக வேண்டும். புரோபுக்கும் குடல் சுவருக்கும் நடுவில் காற்று நின்றால் படம் வராது. முட்டை உருவாகும் சினைப்பை பெரிய நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். முதலில் விரலால் தேடிப் பிடித்து, அதன் மேல் புரோபை வைக்க வேண்டும். திரையில் தண்ணீர் உள்ள இடம் கருப்பு, சதை சாம்பல், எலும்பு வெள்ளை. முட்டை வளரும் ஃபாலிக்கிளுக்குள் நீர் இருப்பதால் அது கருப்பு வட்டம். முட்டை வெளியேறிய பிறகு அதே இடத்தில் வளர்ந்து, சினையைக் காக்கும் ஹார்மோனைச் சுரக்கிற மஞ்சள் திசுவை நாங்கள் சி.எல். என்போம். அது சாம்பல் நிறத்தில், சோளமாவைக் கரைத்த மாதிரி தெரியும். ரத்தக்குழாயும் குறுக்கே வெட்டிப் பார்த்தால் கருப்பு வட்டம்தான். புரோபை மெதுவாகத் திருப்பினால் ஃபாலிக்கிள் வட்டமாகவே நிற்கும், குழாய் நீண்டுகொண்டு போகும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் சி.எல்.லுக்கு நடுவிலும் நீர் கோத்துக்கொண்டு, பெரிய கருப்புக் குழியாகத் தெரியலாம் என்பதைப் படித்திருந்தேனே தவிர, அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. பசுக்களில் அது நோயே இல்லை, சர்வசாதாரணம். ஆத்தாவின் மாட்டுக்கு இடதுபக்கச் சினைப்பையில் சுமார் 2 சென்டிமீட்டர் கருப்பு, சுற்றிச் சாம்பல் விளிம்பு. கரு தங்கும் கருப்பைக் கொம்புகளை நுனிவரை பார்க்கக்கூட இல்லை. சேலைக்குள் வேர்த்து ஊற்றியது. வெளியே வந்து, "நீர்க்கட்டி இருக்காத்தா, ஊசி போட்டாக் கரைஞ்சிரும்" என்றேன்.

நான் சொன்னது புரோஸ்டாகிளாண்டின் ஊசி. அது சி.எல்.லைக் கரைத்துவிடும். மாடு சினையாக இருந்தால் சினையும் அதோடு போய்விடும். அன்று பையில் அந்த மருந்து தீர்ந்திருந்தது. அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எட்டு நாள் கழித்துப் போனபோது, ஊசி போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. கருப்புக் குழி பாதியாகச் சுருங்கியிருந்தது. கொம்புப் பக்கம் புரோபை நகர்த்தினேன். கருப்பு நீருக்குள் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் சாம்பல் துணுக்கு ஒன்று, அதன் நடுவில் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. கன்றின் இதயம். 32-வது நாள். என் கை மாட்டுக்குள் அப்படியே நின்றுவிட்டது. ஆத்தாவைச் சேலைக்குள் கூப்பிட்டுக் காட்டினேன். "வியாபாரிகிட்ட வெல பேசிட்டேனே டாக்டரம்மா" என்று அழுதுவிட்டார். நல்லவேளை, முன்பணம் வாங்கியிருக்கவில்லை.

அவர் மகன் விசைப்படகில் போகிறவர். திரையைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது எங்க போட்டுல இருக்கிற எக்கோ சவுண்டர் மாதிரியில்ல இருக்கு" என்றார். அதேதான் தம்பி என்றேன். ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கிப் படமாக்குவதுதான் இரண்டுக்கும் அடிப்படை. "நாங்க நெழல் தெரிஞ்ச உடனே வலைய எறக்க மாட்டோம். போட்டைத் திருப்பி அதே எடத்துல இன்னொரு ஓட்டம் ஓட்டிப் பாப்போம். பாறைன்னா அங்கனயே கெடக்கும், மீனுன்னா நகந்திருக்கும்" என்றார். நான் என்ன சொன்னேன் என்பது தெரிந்து சொன்னாரா, பேச்சுவாக்கில் சொன்னாரா என்று கேட்கவில்லை.

சினைப்பையைப் பற்றி நமக்குத் தெரிந்ததே அப்படித் திரும்பத் திரும்பப் பார்த்ததில் வந்ததுதான். ஒரு பருவச் சுற்றுக்குள் ஃபாலிக்கிள்கள் இரண்டு அலையாக வளர்கின்றன என்று 1960-ல் ராஜகோஸ்கி என்ற ஆய்வாளர் எழுதினார். அறுத்த மாடுகளின் சினைப்பைகளை வைத்துச் சொன்னது அது. ஒரு மாட்டுக்கு ஒரு நாள்தான். 1984-ல் பியர்சனும் ஜிந்தரும் பசுவின் சினைப்பையை ஸ்கேனில் பார்த்து எழுதிய பிறகு, உயிரோடு நிற்கிற ஒரே மாட்டைத் தினமும் பார்க்க முடிந்தது. சில மாட்டுக்கு இரண்டு அலை, சிலதுக்கு மூன்று என்று கண்ணாலேயே தெரிந்தது. அப்படிப்பட்ட கருவியை வைத்துக்கொண்டு ஒரு தடவை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டேனே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

இப்போது குறிப்பேட்டில் ஒவ்வொரு மாட்டுக்கும் ஊசி போட்ட தேதி, இரண்டு சினைப்பைகளின் படம், உள்ளே தெரிந்ததன் அளவு, மறுபடி பார்க்க வேண்டிய நாள் எல்லாம் எழுதுகிறேன். நிஜமான நீர்க்கட்டியும் வரத்தான் செய்கிறது. இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல், பத்து நாள் கழித்தும் அசையாமல் நிற்கும், சி.எல். இருக்காது. அதற்கு மருந்து உண்டு.

மருந்து இல்லாத படம் வேறொன்று. ஆனி, ஆடியில் இங்கே பச்சை என்று பார்க்க ஒன்றும் இருக்காது. மாடுகள் சீமைக்கருவைக் காயைப் பொறுக்கித் தின்றுகொண்டு திரியும். அப்போது ஸ்கேன் செய்தால் சினைப்பை சின்னதாக, வழுவழுப்பாக இருக்கும். உள்ளே மூன்று, நான்கு மில்லிமீட்டர் புள்ளிகள் மட்டும். கட்டியும் இல்லை, சி.எல்.லும் இல்லை. அது பசி. "ஏதாச்சும் ஊசி போடுங்கம்மா" என்று கேட்பார்கள். அடர்தீவனமும் தாது உப்பும் கொடுங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குக் காசு இருந்தால் மாடு ஏன் இப்படி இருக்கப்போகிறது என்று எனக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும்.

போன மாதம் சேதுக்கரைப் பக்கம் அப்படி மூன்று மாடு பார்த்தேன். குறிப்பேட்டில் ஆறு சின்ன வட்டங்கள், உள்ளே நாலைந்து புள்ளிகள். பக்கத்தில் 'கார்த்திகை, மழைக்கு அப்புறம்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.