கண்ணி மூடும் கடைசி மில்லிமீட்டர்கள்

பெருங்குடலின் உட்சுவரில் முளைக்கும் பாலிப்புகளில் அடினோமா வகையைச் சேர்ந்தவை, பல ஆண்டுகள் கழித்துப் புற்றாக மாறக்கூடியவை. ஆகையால், பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்க உதவும் கேமராக் குழாயான கொலோனோஸ்கோப் உள்ளே இருக்கும்போதே அவற்றை அகற்றிவிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. அதற்குப் பயன்படும் ஸ்நேர் என்னும் சுருக்குக் கண்ணியை வடிவமைக்கும் பொறுப்பு, சென்னையில் மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் இயந்திரப் பொறியாளராக இருந்த என்னிடம் வந்தது. முதல் வரைபடத்துக்கும் முதல் நோயாளிக்கும் இடையே மூன்றரை ஆண்டுகள் கழிந்தன. இந்தத் துறைக்குள் வர விரும்பும் இளம் பொறியாளர்களுக்கு அந்த வழி பயன்படக்கூடும் என்று நம்பி எழுதுகிறேன்.

கருவி பார்வைக்கு எளிமையானது. ஒரு முனையில் 10 மி.மீ. அகலமுள்ள கம்பிக் கண்ணி, மறுமுனையில் மூன்று விரல் வளையங்கள் கொண்ட கைப்பிடி, இரண்டுக்கும் நடுவே 230 செ.மீ. நீளமும் 2.4 மி.மீ. வெளிவிட்டமும் கொண்ட உறைக்குழாய். கைப்பிடியில் முன்னும் பின்னும் நகரும் பகுதியான நழுவியை முன்னே தள்ளினால் கண்ணி விரியும். பின்னே இழுத்தால் சுருங்கி, பாலிப்பின் அடியை இறுக்கும். நியூயார்க்கின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் ஹிரோமி ஷின்யாவும் வில்லியம் வுல்ஃபும் 1969-இல் கொலோனோஸ்கோப் வழியாகக் கண்ணியிட்டுப் பாலிப்பை அகற்றிக் காட்டும்வரை, பெருங்குடலின் மேற்பகுதியில் இருந்த ஒரு சிறு பாலிப்புக்காகக்கூட வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், இந்த எளிய கம்பியின் மீது எனக்கு இன்றும் மரியாதை குறையவில்லை.

நாங்கள் செய்ய முனைந்தது கோல்டு ஸ்நேர், அதாவது மின்சாரம் பாய்ச்சாமல் கம்பியின் அழுத்தத்தாலேயே வெட்டும் வகை. 10 மி.மீ.க்குக் குறைவான பாலிப்புகளுக்கு இம்முறையையே ஐரோப்பிய எண்டோஸ்கோப்பிச் சங்கத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பரிந்துரைத்தது. மின்சாரத்தின் சூடு இல்லாததால், குடற்சுவரின் ஆழத்தில் தீக்காயம் ஏற்பட்டுப் பின்னாளில் இரத்தம் கசிவதற்கோ ஓட்டை விழுவதற்கோ வாய்ப்புக் குறைவு. ஆனால் வெட்டும் வேலை முழுவதையும் கம்பியும் அதை இழுக்கும் விரல்களுமே செய்தாக வேண்டும். எனவே, சூடுவைக்கும் கண்ணிகளின் கம்பியைவிட மெலிந்த, 0.3 மி.மீ. பின்னல் கம்பியைத் தேர்ந்தெடுத்தோம்.

நான் செய்த பெரிய தவறு, முதல் எட்டு மாதங்களைக் கண்ணியின் வடிவத்துக்கே செலவிட்டது. முட்டை வடிவம், அறுகோணம், கேடய வடிவம் என்று பதினொரு மாதிரிகள் செய்தேன். கோழித் தோலிலும், ரப்பர் வளையம் கட்டிப் பாலிப்புப் போல எழுப்பிய பன்றிக் குடலிலும் அவற்றைச் சோதித்தேன். மேசையின் மீது நேராகக் கிடத்திய கருவிகள் யாவும் நன்றாகவே வெட்டின. அந்த நிறைவோடுதான் ஒரு மருத்துவமனையின் பயிற்சி அறைக்கு அவற்றை எடுத்துச் சென்றேன்.

நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் மருத்துவர் ஸ்கோப்பைப் பிடித்திருப்பார்; அவர் ‘ஓப்பன்’, ‘க்ளோஸ்’ என்று சொல்லச் சொல்லக் கண்ணியை இயக்குபவர் பக்கத்தில் நிற்கும் செவிலியர் அல்லது டெக்னீஷியன். அன்று மாதிரிக் குடலுக்குள் ஸ்கோப் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்த நிலையில், அனுபவம் மிக்க செவிலியர் ஒருவர் எங்கள் கண்ணியை மூடினார். திரையில் பாலிப்பு இறுகியது, வெளுத்தது, ஆனால் அறுபடவில்லை. ஈரமான கையுறைக்குள் அவருடைய கட்டைவிரல் நடுங்கும் அளவுக்கு இழுத்தும், நழுவி கைப்பிடியின் கடைக்கோடியில் போய் நின்றுவிட்டது. "தம்பி, இங்க நான் முழுசா இழுத்துட்டேன், அங்க அது மூடவே இல்ல. மூடுச்சா இல்லையான்னு கைக்குத் தெரியணும் தம்பி" என்றார். என் எட்டு மாத வேலை எந்த இடத்தைப் பார்க்காமல் விட்டது என்பதை அந்தச் சொற்கள் காட்டிக்கொடுத்தன.

சிக்கல் கண்ணியில் இல்லை, நடுவில் இருந்த 230 செ.மீ.யில் இருந்தது. தோணியைக் கட்டும் கயிற்றைக் கரையில் உள்ள தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால், தோணியின் இழுப்பை ஒருவர் ஒற்றைக் கையால் தாங்கிவிட முடிவது உராய்வின் பலத்தால்தான். அதே உராய்வு எங்களுக்கு எதிராக வேலை செய்தது. உராய்வுக் கெழு 0.1 என்று கொண்டால், உறைக்குழாய் ஒரு முழுச் சுற்று வளையும்போது கைப்பிடியில் ஏறத்தாழ இரு மடங்கு விசையும், இரண்டு சுற்று வளையும்போது மூன்றரை மடங்கு விசையும் தேவைப்படுகின்றன. அத்துடன், கம்பியை இழுக்கும் அதே விசை உறைக்குழாயை நீளவாக்கில் நசுக்குகிறது. எங்கள் உறைக்குழாய், டெஃப்லான் என்று பரவலாக அறியப்படும் பிடிஎஃப்இ-யால் ஆனது. அது வழவழப்பானது, ஆனால் மெத்தென்றது. கம்பி பின்னே வர வேண்டிய தூரத்தில் ஒரு பகுதியை, குழாய் தானே சுருங்கி விழுங்கிவிடுகிறது.

அதற்குப் பிறகு எல்லாச் சோதனைகளையும் வளைந்த பாதையிலேயே செய்தோம். பலகையில் இரண்டு உருளைகளைப் பதித்து, குழாயை அவற்றில் சுற்றி, கைப்பிடியின் நகர்வையும் கண்ணியின் நகர்வையும் அருகருகே அளந்தோம். முதல் மாதிரியில் கண்ணி 9 மி.மீ. பின்தங்கியது. குழாயின் சுவரைச் சற்றுத் தடிப்பாக்கினோம். இழுக்கும் கம்பியை இழுவிசையில் குறைவாக நீளும் பின்னலுக்கு மாற்றினோம். கைப்பிடியின் ஓட்டத்தை நீட்டி, கண்ணி உறைக்குள் 15 மி.மீ. வரை பின்வாங்க இடம் விட்டோம். இறுக்கம் குறையாமல் வெட்டி முடிக்க அந்தக் கூடுதல் ஓட்டம் இன்றியமையாதது. விரல் வளையங்களையும் செவிலியர்களின் கை அளவுக்கு ஏற்பச் சிறிதாக்கினோம்.

சிக்கல் தீர்ந்தது என்று நினைத்த வேளையில், சூட்டில் வைத்துக் கருவியை விரைவாகப் பழசாக்கிப் பார்க்கும் முதுமைச் சோதனை எங்களை மீண்டும் தொடக்கத்துக்குத் தள்ளியது. இரண்டாண்டு ஆயுளை உறுதிசெய்ய, பொதி கட்டி எத்திலீன் ஆக்சைடால் கிருமி நீக்கிய கருவிகளை 55 டிகிரி செல்சியஸில் சுமார் 92 நாட்கள் வைத்திருந்தோம். வெப்பம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் முதுமையடையும் வேகம் இரட்டிக்கும் என்பது அங்கே கணக்கு. வெளியே எடுத்த முப்பது கருவிகளில் நான்கில் கண்ணி மறுபடியும் முழுதாக மூடவில்லை. ஒரு கைப்பிடியை நெடுக்காக அறுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தபோது காரணம் புலப்பட்டது. குழாயைக் கைப்பிடியோடு இணைத்த இடத்தில், நெருக்கிய வளையத்தின் கீழ் பிடிஎஃப்இ மெல்ல மெல்லப் பிதுங்கி மெலிந்திருந்தது. பிடி தளர்ந்ததால், இழுக்கும்போது குழாயே 3 மி.மீ. உள்ளே வழுக்கியது. தொடர்ந்து அழுத்தினால் பிடிஎஃப்இ இப்படி நகரும் என்பதையும், எந்தப் பசையும் அதில் எளிதில் ஒட்டாது என்பதையும் நான் கல்லூரியிலேயே படித்திருந்தேன். ஆனாலும் வரைபடத்தில் அதற்கு இடம் தரத் தவறியிருந்தேன். குழாயின் முனையை எக்காளத்தின் வாய்போல விரித்து, அந்த விளிம்பு உலோக வளையத்தில் தானே மாட்டிக்கொள்ளுமாறு மாற்றினோம். பிறகு முப்பது புதிய கருவிகளோடு இன்னொரு 92 நாட்கள் காத்திருந்தோம். அந்த முறை ஒன்றும் தவறவில்லை.

உரிமம் பெறும் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகளின்படி, சோதனைக்காகச் சிறு அளவில் செய்வதற்கே எம்டி-13 படிவத்தில் உரிமம் வேண்டும். மருத்துவக் கருவிகளின் இடர் மேலாண்மைக்கான தரநிலையான ஐஎஸ்ஓ 14971 கேட்கும் இடர் ஆவணத்தை வேலையின் கடைசியில் எழுதாமல், ஒவ்வொரு தவறும் தெரியவந்த அன்றே எழுதிவைத்திருந்தால் எங்களுக்கு நான்கு மாதங்கள் மிச்சமாகியிருக்கும்.

அனுமதிகள் கிடைத்த பின், முதல் நோயாளிக்கு அதே செவிலியர்தான் கண்ணியை இயக்கினார். 6 மி.மீ. பாலிப்பு, சுற்றிலும் சிறிது நல்ல திசுவோடு அறுபட்டு, உறிஞ்சுகுழாய் வழியே சேகரிப்புக் குப்பிக்குள் வந்து விழுந்தது. மருத்துவர் கேட்கும் முன்பே அவர் "மூடிடுச்சு சார்" என்று சொல்லியிருந்தார். இப்போது, ஒரே நோயாளியிடம் ஐந்தாறு பாலிப்புகள் எடுத்த கண்ணிகளை வாங்கி உருப்பெருக்கியில் பார்த்துவருகிறோம். நுனியில் உள்ள சிறு மூக்கு வளைவு மூன்றாம் வெட்டுக்குப் பிறகு ஒருபுறம் சாயத் தொடங்குகிறது. அந்த வளைவின் ஆரத்தைத்தான் இந்த மாதம் மாற்றி வரைந்துகொண்டிருக்கிறேன்.