தொண்டை நன்றாகத்தான் இருந்தது

தமிழய்யா போய்விட்டார் என்று பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது சிங்கப்பூர் டேங்க் ரோடு முருகன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மார்கழி. உள்ளே திருவெம்பாவை ஆரம்பித்திருந்தது. குழுவில் வரிசையாகக் கும்பிடு கைகள். நானும் ஒன்று போட்டுவிட்டு உள்ளே போனேன். நினைவு மலருக்கு எழுதச் சொல்லி குழுவின் செயலாளர் கேட்டதும், அய்யாவின் இலக்கணம், ராலி சைக்கிள் என்று எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதையெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள்.

1984, ஒன்பதாம் வகுப்பு. பிரேயரில் திருவாசகம் பாடுவது நான். 'யானே பொய் என் நெஞ்சும் பொய் என் அன்பும் பொய்' என்று இழுத்தால் எட்டாம் வகுப்பு வரிசையில்கூட குசுகுசுப்பு நிற்கும்.

அந்த வருடம் ஆவுடையார்கோயில் சுற்றுலாவுக்குத் தலைக்கு 15 ரூபாய். வகுப்புத் தலைவன் என்பதால் வசூல் என்னிடம், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில். அதிலிருந்து 20 ரூபாய் எடுத்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை சினிமா, புரோட்டா, காரைக்குடி கல்லுக்கட்டியில் ஐஸ். வீட்டில் பசியா, பஞ்சமா? கையில் இருந்தது, எடுத்தேன்.

கணக்கு உதைத்தது. ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போனபோது கடைசி பெஞ்சு விடுதிப் பையனிடம் பாட்டிலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். பழியை அவன்மேல் போட அது போதுமாயிருந்தது. "கொப்புடையாத்தா சத்தியமா நான் எடுக்கல" என்றேன். அவன் சத்தியம் பண்ணவில்லை. சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே நின்றான். அது கையோடு வந்துவிட்டது.

பொய்ச் சத்தியம் பண்ணினால் கண் அவிந்துபோகும் என்று அப்பத்தா சொல்வார்கள். காலையில் எழுந்ததும் ஒரு கண்ணைப் பொத்தி மறு கண்ணால் சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பேன். பிறகு மாற்றிப் பொத்துவேன். பத்து நாளாயும் முள் துல்லியமாகத் தெரிந்தது. தப்பித்தோம் என்று தோன்றவில்லை. ஆத்தா அங்கே இல்லையோ என்று வயிற்றைப் பிசைந்தது.

அந்த வாரம் வகுப்பில் மாணிக்கவாசகர். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொன்னைத் திருப்பெருந்துறைக் கோயிலுக்கு, அதாவது எங்கள் ஆவுடையார்கோயிலுக்கு, செலவழித்த இடம். எழுந்து கேட்டேன்: "அய்யா, அதுவும் களவுதானே?" வகுப்பு சிரித்தது. நானும்தான்.

அய்யா சாக்பீஸைக் கீழே வைத்தார். "களவுதான். எனக்கும் அந்த எடம் இன்னும் செரிக்கல. ஆனா அந்த மனுசன் பாடுனது பூராவும் அழுகை. நீ சிரிக்கிறியேப்பா."

மறுநாள் மேடையேறப் போனேன். தோளில் கை. "இன்னைக்கு வேற ஆள் பாடட்டும்." அடி இல்லை, தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை இல்லை. வருடம் முடியும்வரை வேறு ஆள்தான் பாடினான். கேட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்றேன். இதைப் படிக்கும் வகுப்புத் தோழர்களே, தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

சுற்றுலாவில் விடுதிப் பையன் இல்லை. அவனுக்கும் சேர்த்து அய்யாவே பணம் கட்டியிருந்தாராம். அவன் வரவில்லை. கோயிலில் நந்தி கிடையாது, கொடிமரம் கிடையாது, கருவறையில் லிங்கமும் கிடையாது, அதைத் தாங்கும் பீடமான ஆவுடை மட்டும். புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடக் கொட்டினார்கள். எழும்பிய ஆவிதான் நைவேத்தியம். கூடவே கீரையும் பாகற்காயும். எல்லோரும் கொடுங்கையை, அந்தக் கல் கூரை விளிம்பை, அண்ணாந்து பார்க்க ஓடினார்கள். நான் அங்கேயே நின்றேன்.

"யாரையும் காணோமேன்னு பாக்குறியா?" அய்யாவின் குரல்.

தலையாட்டினேன்.

"நானும் எத்தனையோ தடவ அப்படிப் பாத்துக்கிட்டு நின்னுருக்கேன்" என்றார். வெளிப் பிரகாரத்தில் உட்கார்ந்து தன் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, பாதியை என் கையில் வைத்தார். வேறு எதுவும் பேசவில்லை. எனக்கு இறங்கவேயில்லை.

1992-ல் சிங்கப்பூர் கிளம்பும் முன் அவர் வீட்டுக்குப் போனேன், சொல்லிவிடத்தான். காபி வந்தது. விசா, சம்பளம், வெயில் என்று பேச்சு போனது. வாசல்வரை வந்து கேட்டார்: "பாடுறியாப்பா?"

"குரல் போச்சுங்கய்யா."

அதுவும் பொய். பிறகு ஊருக்குப் போனபோதெல்லாம் கல்யாணம், காதுகுத்து, வீட்டு வரி. அவர் தெரு வழியாகவே கார் போகும்.

பத்தாவதோடு நின்ற அந்த விடுதிப் பையனின் எண் நம் குழுவில் இல்லை. யாரிடமாவது இருந்தால் செயலாளரிடம் கொடுங்கள். என் பெயரை முதலிலேயே அவனிடம் சொல்லிவிட வேண்டாம்.